வாலில்லாத இலை

அந்தக் கனவில் லோஷினி எப்போதும் விரல் உயரம்தான் இருப்பாள். மரமோ வானத்தைத் தொட்டு நிற்கும். அது நிற்கும் நீலப்பச்சைத் தட்டின் விளிம்பு, தூரத்து மலை மாதிரி தெரியும். பாசி மெத்தையில் ரூபேந்திரன் கால் நீட்டிப் படுத்திருப்பான். தலைக்கு மேலே ஆயிரம் அரச இலைகள் தங்கள் நீண்ட வால்களை ஆட்டிக்கொண்டு சலசலக்கும்.

கண் விழித்தால் பக்கத்துத் தலையணை காலியாக இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவனின் மனைவிக்கு விடியல் அப்படித்தான். அவன் மோட்டாரில் எல்லைப் பாலத்தைத் தாண்டியிருப்பான்.

அவள் எழுந்ததும் பால்கனிக்குத்தான் போவாள். உலு திராமில், அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடி. கீழே செம்பனைத் தோட்டத்தின் மேல் பனி பால் மாதிரி தேங்கி நிற்கும். அந்த வெண்மைக்கு மேலே அவளும் அந்தத் தட்டும் மட்டும் மிதப்பதுபோல இருக்கும்.

தட்டில் இருப்பது அவர்கள் கல்யாணத்து அரசாணிக்கால். மணவறைக்குப் பக்கத்தில் பெயின்ட் டின்னில் மண் நிரப்பி, அரசங்கிளையை ஊன்றி, மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டார்களே, அந்தக் கிளை. கல்யாணம் முடிந்ததும் அதை மண்ணில் நட வேண்டும். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது ரூபேந்திரன் வீட்டு நம்பிக்கை. எட்டாவது மாடியில் அரச மரத்தை எங்கே நடுவது?

"போன்சாயா வளத்துடலாம் லா," என்றான் ரூபேந்திரன். "சின்னதா, அடக்கமா இருக்கும்."

"என்னய மாதிரியா?"

"நான் மரத்தச் சொன்னேன்."

அவன் அம்மா செல்வராணி இருப்பது ஆயர் ஈத்தாமில். மறுவீட்டுக்குப் போனபோது, அங்கேயே சாலையோரத்து மண்பாண்டக் கடையில் ஆழமில்லாத ஒரு தட்டை வாங்கினார்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று அவன் குனிந்து பார்த்தான். அவள் நிறம் பார்த்தாள். கிளம்பும்போது செல்வராணி, "துளிர்த்தா சொல்லும்மா. நானே வந்து ஆலம் சுத்திப் பொட்டு வைக்கிறேன்," என்றார்.

லோஷினிக்கு அதற்கு முன் கறிவேப்பிலைகூட வளர்த்துப் பழக்கமில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். சரளை கலந்த மண், காலை வெயில், மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், ஒன்றைத் தவிர. வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு வைத்த பாலை யாருக்கும் தெரியாமல் அதன் அடியில் ஊற்றினாள். கல்யாணத்துக் கிளை, அதற்கு வெறும் தண்ணீரா?

மூன்றாவது வாரம் எறும்பு வரிசை கட்டியது. மண் புளித்த வாடை அடித்தது. தினமும் நகத்தால் பட்டையை லேசாகக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். ஒருநாள் பச்சை தெரியவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே கீறினாள். ரூபேந்திரனிடம் வாய் திறக்கவில்லை.

அந்த வார இறுதியில் பெக்கான் நானாஸில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு, அன்னாசியும் கையுமாகத் திரும்பியபோது, தட்டில் ஊசி முனையளவு இரண்டு பச்சைத் துளிர்!

"ரூபன்! வந்து பாருங்களேன்!"

அவன் பின்னால் வந்து நின்றான். "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றான். அவள் அழுதாள், சிரித்தாள், அத்தைக்குப் போன் போட்டாள். செல்வராணி மூட்டுவலி குறைந்ததும் வருவதாகச் சொன்னார். அன்று முதல்தான் அந்தக் கனவும் வரத் தொடங்கியது.

ஏழு வாரம் கழிந்தது. இலைகள் எட்டாயின, பதினைந்தாயின. தடிப்பாக, வழவழவென்று, நுனி மொட்டையாக இருந்தன. வால் பிறகு வளரும் என்று லோஷினி காத்திருந்தாள். குழந்தைக்குப் பல் முளைப்பதில்லையா, அது மாதிரி.

செல்வராணி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலை, கோயிலுக்குப் போனவள் அங்கிருந்த அரச மரத்தடியில் ஓர் இலையைப் பொறுக்கி வந்தாள். தட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோயில் இலைக்கு விரல் நீளம் வால். தட்டில் இருந்த பதினைந்தில் ஒன்றுக்கும் இல்லை.

அப்போதுதான் மஞ்சள் துணியைக் கவனித்தாள். கல்யாணத்தன்று அத்தை போட்டது ஒற்றை முடிச்சு. இதில் இரண்டு காது விட்ட முடிச்சு, அதன்மேல் இன்னொரு இறுக்கு. ரூபேந்திரனின் வேலைச் சப்பாத்துக் கயிற்றில் தினமும் பார்க்கிற முடிச்சு. துளிரைப் பார்த்த நாளிலிருந்து தேடவே தோன்றாத அவள் நகக்கீறல்களும் தண்டில் இல்லை.

அவன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தான். அவள் இலையை நீட்டினாள்.

"இது அரசு. அது என்ன?"

துண்டு அப்படியே நின்றது. "நர்சரியில வாங்கினேன்," என்றான் மெதுவாக. "பைக்கஸ்னு ஒரு தொட்டிச் செடி. கிளை செத்துருச்சு லோஷி. நீ தினம் அத நகத்தால கீறிக் கீறிப் பாக்குறத என்னால பாக்க முடியல."

"ஏழு வாரமா நர்சரிச் செடியக் கும்பிட்டிருக்கேன்."

"நல்ல நர்சரிதான்..."

"சிரிக்காதீங்க." அவள் இலையைக் கீழே வைத்தாள். "நாளைக்கு நமக்குள்ள ஏதாவது காஞ்சு போனாலும், எங்கிட்ட சொல்லாம இப்படித்தான் வேற ஒண்ண வாங்கி வெச்சு மஞ்சத் துணி கட்டுவீங்களா?"

அவன் துண்டைத் தோளில் போட்டான். உள்ளே போனான். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அவன் கல்யாண வேட்டி. அதற்குள் அந்தக் காய்ந்த கிளை, அவள் நகக்கீறல்களோடு.

"தூக்கிப் போட மனசு வரல," என்றான்.

லோஷினி அதை மடியில் வைத்து, கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பனி கரைந்து செம்பனைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"வெள்ளிக்கிழமை பால் ஊத்தினேன்," என்றாள் கடைசியில்.

"எதுல?"

"இதுல. நாலு வெள்ளி. உங்களுக்குத் தெரியாம."

"அலமாக்! அதான் அந்த நாத்தமா? நான் நம்ம வீட்டுக் குழாய்தான் ஒழுகுதுன்னு ரெண்டு தடவ பிரிச்சு மாட்டினேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கோபம் போய்விடவில்லை. "அத்தைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி மஞ்சள் புடவையில் வந்தார். தட்டத்தில் ஆலம் கரைத்து, வெற்றிலையில் சூடம் வைத்து, பால்கனி வாசலில் நின்றார். தீப்பெட்டியை எடுத்தபோது லோஷினி கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு குச்சி பற்றுவதற்குள் அவன் பேச வேண்டும். பேசாவிட்டால், இனி அவன் கொண்டுவந்து வைக்கும் எதைப் பார்த்தாலும் அவள் முடிச்சைத்தான் முதலில் தேடுவாள்.

"அம்மா, கொஞ்சம் இரு," என்றான் ரூபேந்திரன். "இது நம்ம அரசாணிக்கால் இல்ல. அது காஞ்சிருச்சு. நான்தான் வேற வாங்கி வெச்சேன். லோஷிக்கே நேத்துதான் தெரியும்."

"பால் ஊத்திக் கெடுத்தது நான், அத்தை," என்றாள் லோஷினி சட்டென்று.

செல்வராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து இலைகளைப் பார்த்தார்.

"இவ்ளோ தூரம் வந்துட்டேன், சூடத்த என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். "எங்களோடதும் எங்க துளிர்த்துச்சு? ஆடு தின்னுடுச்சு. முப்பத்தோரு வருசமா உங்கப்பா அந்த ஆட்டத்தான் திட்டிக்கிட்டு இருக்காரு."

சூடம் எரிந்தது. மூன்று சுற்று. செடிக்கு ஒரு பொட்டு, அதன்பின் இவர்கள் இரண்டு பேருக்கும்.

அவர் போன பிறகு லோஷினி அந்த இரட்டை முடிச்சை அவிழ்த்தாள். செடியின் தண்டு இடப்பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தது. காய்ந்த கிளையை அளவாக ஒடித்து, வேரில் படாமல் பக்கத்தில் ஊன்றி, இரண்டையும் சேர்த்து அதே மஞ்சள் துணியால் கட்டினாள். ரூபேந்திரன் தண்டைப் பிடித்துக்கொண்டான்.

"இறுக்காத, வெட்டிரும்," என்றான்.

"தெரியும். விடுங்க கைய."

"நீ கட்டு. நான் பிடிச்சுக்கிறேன்."

அன்றைய கனவிலும் அவள் விரல் உயரம்தான் இருந்தாள். இலைகளுக்கு வால் இல்லை. காற்றில் அவை வேறு மாதிரி, தட்டையாக, கைதட்டுவதுபோலச் சத்தமிட்டன. பாசியில் படுத்திருந்தவன் கண்ணைத் திறந்து, "தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டான். "வெறும் தண்ணிதான்," என்று சொல்லிவிட்டு அவள் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.