கடைமடைப் பள்ளம்

காரைக்கால் பக்கத்து நெரவியில் நிலவன் சைக்கிளோடு வரப்பிலிருந்து குதித்தால் கீழே இருக்கிற வயல் இறங்கிவிடும். அவனுக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு ஆழம். முழங்கால் உயர வரப்புதான். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் வயல் கிணறுபோல உள்வாங்கும். எதிர்ப்பக்கம் மட்டும் சரிவாக நிற்கும். அந்தச் சரிவில் அவன் இறங்கி நின்றபின், ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வயல் அவனையும் தூக்கிக்கொண்டு பழைய மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குள், வாய்க்காலில் எங்கோ மேலே தயங்கி நின்ற தண்ணீர் பள்ளத்தைக் கண்டு இந்தப் பக்கம் திரும்பி ஓடி வந்திருக்கும். நெரவி கடைமடை. மேட்டூரைத் திறந்தாலும் மேலே இருப்பவர்கள் பாய்ச்சி மிஞ்சினால்தான் இங்கே. அதனால் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. முறை வைத்து அவனைக் கூப்பிட்டார்கள்.

பெங்களூரில் வேலை பார்த்த வருடங்களில் அவன் மலைச் சைக்கிளில் பாறைகளிலிருந்து குதிக்கப் பழகியிருந்தான். காரைக்காலுக்குத் திரும்பி, தலத்தெருவில் வீடு பிடித்து, தனியார் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கியபோது இங்கே குதிக்க ஒரு மேடுகூட இல்லை. ஏக்கம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெரவியில் நிலம் வைத்திருந்த அல்லியக்காவின் வரப்பில் ஏற்றினான். முதல் பள்ளம் ஓர் ஆள் உயரம். இனியாவைக் கல்யாணம் செய்த பிறகு பனைமர உயரம். அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டாரைவிட நெரவி விவசாயிகள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். பயம் பள்ளத்தைத் தோண்டும். பத்திரமாக இறக்குவது கைகாலின் வேலை. விளிம்பில் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கையால் சைக்கிளை முன்னே தள்ளி, இடுப்பைப் பின்னே போட்டு, பள்ளத்தின் அடியைப் பார்க்காமல் எதிர்ச்சரிவை மட்டும் பார்க்க வேண்டும். சக்கரங்கள் சரிவைத் தொடும்போது முழங்காலும் முழங்கையும் மடிந்து கொடுக்க வேண்டும். மிச்ச அதிர்ச்சியை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அஜ்மீர் அடித்துவைத்த காற்று பார்த்துக்கொள்ளும். அஜ்மீர் அவனோடு படித்தவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருப்பவன்.

இனியா வரப்பின் ஓரத்தில் நின்று கடல்காற்றைப் பார்ப்பாள். பக்கவாட்டுக் காற்று ஆளைத் தூக்கி வேறு பக்கம் போட்டுவிடும். காற்று அடங்கியதும், குதிக்கலாம் என்பதற்கு அடையாளமாக, சாதாரணக் குரலில், "வாங்க, சோறு ஆறுது," என்பாள். தூரத்தில் நிற்கும் அவனுக்கு மட்டும் அது கேட்கும்.

போன ஐப்பசியில் கொசுக்காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். இந்த வருடம் அவன் குதித்தபோது வயல் அசையவில்லை. முழங்கால் உயர வரப்பிலிருந்து ஒரு சைக்கிள் இறங்கியது, அவ்வளவுதான். கண்ணை மூடிக் குதித்தான். கையை விட்டுக் குதித்தான். மண் சும்மா கிடந்தது. பையனுக்குத் தைரியம் முற்றிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். "தைரியமாவது. உள்ள ஆளே இல்லக்கா," என்றான் அஜ்மீர். ஒருநாள் முன்சக்கரத்தின் நட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கழற்றியதை அவனிடமே சொன்னான். நிலவன் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். அஜ்மீர் திட்டிக்கொண்டே அவனைக் கீழே இறக்கி, நட்டைத் திரும்ப முடுக்கினான். முடுக்கி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

அல்லியக்காவின் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இந்த வாரம் நடாவிட்டால் அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான். வியாழக்கிழமை காலையில் அவளும் அஜ்மீரும் நிலவனும் வரப்பில் நின்றார்கள்.

"தங்கச்சி இருந்தா இந்நேரம் விசில் அடிச்சிருக்கும் மாப்ள," என்றான் அஜ்மீர், ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தபடி.

"விசிலா? செவப்புத் துண்டுல்ல ஆட்டும் அந்தப் புள்ள," என்றாள் அல்லி.

"துண்டு ஏதுக்கா? ரெண்டு வெரல வாயில வச்சு அடிச்சா தலத்தெரு வரைக்கும் கேக்கும்."

"ஆமா, நீ கண்ட. குனிஞ்சு காத்தடிச்சுக்கிட்டு நின்ன ஆளு. இது என் வயலு, எனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு விசில் அடிக்கவே வராது," என்றான் நிலவன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பல மாதங்களில் அவன் இனியாவைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அப்ப என்னதான் பண்ணும், சொல்லுங்க தம்பி," என்றாள் அல்லி.

அவன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரப்பின் கடைசிக்குப் போனான்.

மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் அது உறைத்தது. இன்று கழுத்து ஒடிந்தால் நாளையிலிருந்து இனியா இந்த ஊரில் விசில் அடித்துக்கொண்டிருப்பாள். இல்லாத துண்டை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவள் உண்மையில் எப்படிக் கூப்பிட்டாள் என்பது இந்த ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஒரு மண்டையில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வருடத்தில் முதன்முறையாக அவனுக்குத் தன் கழுத்து தெரிந்தது. விரல்கள் தாமாகவே பிரேக்குக்குப் போயின. விளிம்புக்கு ஒரு சக்கரத் தூரத்தில் விரல்களை எடுத்தான்.

வயல் இறங்கியது. பனை உயரம் தாண்டி, இரண்டு பனை தாண்டி, களிமண் முடிந்து கடல் மணல் தொடங்குகிற ஆழத்துக்கு இறங்கியது. இவ்வளவு ஆழத்தை நெரவி அதுவரை பார்த்ததில்லை. அவன் அடியைப் பார்க்கவில்லை. சரிவைப் பார்த்தான். இடுப்பு பின்னே போனது, கை முன்னே நீண்டது, அந்தரத்தில் இருந்த நேரம் முழுவதும் அவன் பயந்துகொண்டே இருந்தான். சக்கரங்கள் ஈர மணலைத் தொட்டன, முழங்கால்கள் மடிந்தன, ஃபோர்க் கடைசிவரை அமுங்கி எழுந்தது. மேலே எங்கோ வாய்க்கால் திரும்பும் சத்தம் கேட்டது.

வயல் அவனை மேலே கொண்டுவந்தபோது தண்ணீர் கணுக்காலளவு நின்றது. அல்லி டீ கிளாஸைப் பிடித்துக்கொள்ள, அவன் குடித்தான்.

"சோறு ஆறுதும்பா," என்றான்.

"அவ்ளோதானா?" என்றான் அஜ்மீர்.

"வாங்க, சோறு ஆறுது. அப்புடித்தான் சொல்லுவா. கத்த மாட்டா."

நடவுக்கு வந்த பெண்கள் நாற்றுமுடிச்சைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அவன் சொல்லிக்காட்டினான். ஒருத்தி திருப்பிச் சொன்னாள்; அப்படி இல்லை, இன்னும் மெதுவாக என்று திருத்தினான். மதியம்வரை அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எப்படிக் கூப்பிட்டாள் என்று தெரிந்தவர்கள் பெருகிவிட்டதால் பயம் குறைந்து, அடுத்த வாரம் பக்கத்து வயலில் பள்ளம் பனைமர உயரம்தான் இறங்கியது. அந்த வயலுக்கு அது போதுமானதாக இருந்தது.