தறிக்குழிச் சாமி

அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்த வருஷம், சின்ன காஞ்சிபுரத்தில் மாட்டுக் கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தது. நெசவுக்கார அப்பாதுரையும் தன் வீட்டை, மெட்ராஸிலிருந்து தனியாக வந்திருந்த ராஜவேலு என்பவருக்கு விட்டார். "ஊரே இங்க வந்துக்கினு இருக்குது, நாம எங்கனா போலாங்க" என்று மனைவி சம்பூர்ணம் நச்சரித்ததால், மகாபலிபுரத்தில் அவள் தங்கை வீட்டுக்குக் கடல் பார்க்கக் கிளம்பினார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது அப்பாதுரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வூடு பூரா உங்களுது. கூடத்துத் தறிகிட்ட மட்டும் போகாதீங்க. எம்பொண்ணு கிருஷ்ணவேணியோட முகூர்த்தப் புடவை அதுல இருக்குது. ஆவணியில கல்யாணம். பாதிதான் முடிஞ்சிருக்குது."

ராஜவேலு தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் உடம்பு பூராவும் ஆடி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவ்வளவு பெரிய சரீரம்.

கடல் அப்பாதுரைக்குப் பிடிக்கவில்லை. அலை ஒன்று நெருக்கமாக வருகிறது, ஒன்று தள்ளி வருகிறது, இப்படி நெய்தால் எவன் வாங்குவான் என்று கரையில் நின்று திட்டினார். அந்த எரிச்சலோடு ஊர் திரும்பினால், தெருமுனையிலிருந்து தன் வீட்டு வாசல் வரை ஜனங்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

"இன்னா சமாச்சாரம்?"

"வரிசைல வா பெரியவரே," என்றான் தேங்காய்த் தட்டோடு நின்ற ஒருவன். "குழிச்சாமி இருக்காரு. பாதி ஒடம்பு பூமிக்குள்ள போயிட்சி. மீதியும் போறதுக்குள்ள பாத்துடணும்."

"அது என் வூடு பா."

"அப்டித்தான் எல்லாரும் சொல்லிக்கினு உள்ள பூர்றாங்க."

தன் வீட்டுக்குள் போக அப்பாதுரை வரிசையில் நின்றார். அவர் விட்ட மூச்சில், முன்னால் நின்றவன் தட்டிலிருந்த கற்பூரம் தானாகப் பற்றிக்கொண்டது. அதைத் தெருவே பார்த்தது.

உள்ளே, தறிக்குழியில் ராஜவேலு. நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழி அது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். வேர்க்குருவுக்குச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு மனிதர் இறங்கியிருக்கிறார். இறங்கிய உடம்பு ஏறவில்லை. முதுகுப்பக்கம் சுவர், வயிற்றுப்பக்கம், நெய்த புடவையைச் சுற்றி வைக்கும் படமரம். நடுவில் தொப்பை ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொண்டது. வாசல் வழியே பார்த்த ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். அன்றைக்கே படையல் வர ஆரம்பித்துவிட்டது. சர்க்கரைப் பொங்கலைத் தின்னத் தின்ன இன்னும் இறுகிவிட்டார்.

"வந்துட்டீங்களா," என்றார் ராஜவேலு, சாமி பேசுவது தெரியாமல் உதட்டை அசைக்காமல். "இந்தக் கட்டையக் கழட்டுங்க, வந்துடறேன்."

முகூர்த்தப் புடவையைப் பாதியில் தறியை விட்டு இறக்கினால் கல்யாணமும் பாதியில் நிற்கும் என்பது அந்தத் தெருவின் பயம்.

"அதக் கழட்ட மாட்டேன் யா. உன்னத்தான் கழட்டணும்."

ஜனங்களைத் துரத்திக் கதவைச் சாத்தினார். பொங்கலை எல்லாம் எதிர்வீட்டு எருமைக்கு வைத்தார். அந்த எருமை அப்புறம் புல்லைத் தொடவே இல்லை. ராஜவேலுவுக்கு வேளைக்கு ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணி.

"பட்டினி போட்றீங்களே. வாடகை குடுத்தவன் நானு."

"வூட்டுக்குத்தான் குடுத்த. குழிக்கா குடுத்த?"

ஆவணி நெருங்கியது. மாப்பிள்ளை வீட்டார் புடவையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு காலையில் ராஜவேலு பெருமூச்சு விட்டபோது வயிறு ஒரு விரல்கடை உள்ளே போனது. அப்பாதுரை அக்குளில் கையைக் கொடுத்து, மணிலாக்கொட்டைச் செடியைப் பிடுங்குவது போலப் பிடுங்கிப் போட்டார். செருப்பைக்கூடத் தேடாமல் ராஜவேலு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த நிமிஷம் அப்பாதுரை குழியில் இறங்கினார். கரையைப் புடவையோடு பின்னிச் சேர்க்கும் கோர்வை போட சம்பூர்ணம் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

"புதுச் சாமி," என்றது வாசலில் ஒரு குரல். "போன சாமி சாது. இது உக்கிரம்."

"எழுந்து வந்தேன்னா முட்டியப் பேத்துடுவேன்," என்றார் அப்பாதுரை.

வாசலில் இருந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். கையிலிருந்த, நூல் ஓட்டும் நாடாக்கட்டையை அவர்கள் மேல் எறிந்தார். நெற்றியில் வாங்கியவன் அதைக் கண்ணில் ஒற்றி, பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்குக் கெடச்சிடுச்சி பா" என்று பின்னால் நின்றவனிடம் சொன்னான்.

அப்பாதுரை திட்டத் திட்டத் தறி நின்றது. கதவை மூடினால் பட்டு தெரியாது. மூடாவிட்டால் வரிசை தெரிகிறது.

சம்பூர்ணம் கரை நூலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "திட்டுங்க, யாரு வாணான்னாங்க. கை நிக்காம திட்டுங்க."

அப்புறம் வசவுக்கு ஓர் இழை வீதம் ஓடியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் புடவை முழுசாகத் தறியை விட்டு இறங்கியது. அத்தனை ஆத்திரத்தோடு அடித்து நெருக்கிய புடவை. குடத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் உள்ளே இறங்காது. கிருஷ்ணவேணி அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தபோதும் அப்பாதுரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. தாளம் சரியாக இருந்தது.