நாற்பதாம் நாளில் சொல்லாத வார்த்தை

முற்றத்தில் அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்ததுமே தெஹ்மீனாவுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று சந்தேகம் தட்டியது. போன வியாழக்கிழமை அவை அங்கே இல்லை. அடுக்களையில் அண்ணன் மனைவி ருக்ஷந்தா பாகற்காயில் கைமா அடைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நாத்தனாருக்கு ஆறிய டீயைத் தாண்டி எதையும் நீட்டியறியாத மகராசி, அவளுக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள் என்றால் சும்மாவா?

"வா, வா. நாடகம் ஆரம்பிக்க நேரமிருக்கு. மொதல்ல சாப்பிடு" என்றாள் ருக்ஷந்தா.

"என்ன பாபி, இன்னிக்கு லாகூர்ல மழை கொட்டப்போகுது போல."

அந்த வருடம் வியாழன் எட்டு மணிக்கு லாகூர்த் தெருக்களில் ஈ காக்கை இருக்காது. அத்தனை பேரும் டிவி முன்னால் இருப்பார்கள். தெஹ்மீனா வீட்டில் டிவி கிடையாது. அதனால் இரண்டு தெரு தள்ளியிருந்த பிறந்த வீட்டுக்கு வாராவாரம் வந்துவிடுவாள். அப்பா இருந்தவரை அது அவர் வீடு. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது யார் வீடு என்பதைத்தான் யாரும் பேசவில்லை.

வழக்கம் ஊரறிந்ததுதான். இறந்தவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் பெண்பிள்ளை எழுந்து, "என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் கண்கலங்க வேண்டும். பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வளையலும் துணியும் அவள் வீடு தேடி வரும். தெஹ்மீனா அன்று வாயைத் திறக்கவில்லை. பங்குக்கு ஆசைப்பட்டு அல்ல. அண்ணன் இக்திதார் ஒரே ஒரு தடவை, "குடுக்கிறியா தெமீ?" என்று கேட்கட்டுமே என்று காத்திருந்தாள். கேட்காமலே பறித்துக்கொள்ள அது என்ன கொல்லையில் காய்த்த கொய்யாவா?

"கையெழுத்து மட்டும் எங்கயும் போட்டுடாத" என்று கணவர் வேறு படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைய நாடகத்தில் அண்ணன்காரன் தங்கையை ஏமாற்றிப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினான். ருக்ஷந்தா துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள். "பாவி! கூடப்பொறந்தவ பங்கைத் தின்னா செரிக்குமா?"

"நாசமாப் போவான்" என்றார் இக்திதார்.

தெஹ்மீனா டிவியைப் பார்க்கவில்லை. அண்ணன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் காகிதம் வெளியே வந்தது, கூடவே பேனாவும்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு தெமீ."

"படிச்சுட்டுத்தான் போடுவேன் பாய்ஜான். டிவியில வந்தவ மாதிரி நான் ஏமாளி இல்ல."

"படி. நல்லாவே படி."

படித்தாள். மறுபடியும் படித்தாள். மார்க்கப்படி மகளுக்குரிய மூன்றில் ஒரு பங்கு: பின்கட்டு அறைகள் இரண்டும் முசுக்கட்டை மரமும் அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தன. ஒரு அங்குலம் குறையவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. சொந்த அண்ணனை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டோம்! பிறகுதான் செங்கல் நினைவுக்கு வந்தது.

"அப்போ முத்தத்துல செங்கல் எதுக்கு?"

"சுவருக்கு. நாளைக்குக் கொத்தனார் வர்றார். உன் பக்கத்துக்குச் சந்துலேர்ந்து தனி வாசல் வெச்சுக்கலாம்." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "உன் பங்கு உனக்கு. அத்தோட சரி."

வீட்டைப் பறிக்கப் போகிறார் என்று மூன்று மாதமாகப் பயந்தாள். அவர் வீட்டைக் கொடுத்துவிட்டு உறவை அறுக்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத்தத்தையும் குடுத்திருப்பேனே பாய்ஜான்!"

"தங்கச்சிகிட்ட வாய்விட்டுக் கேக்கறதா? அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன் வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ எந்திரிச்சு சோறு பரிமாறப் போயிட்ட."

"இப்பச் சொல்றேனே..."

"இப்பச் சொன்னா, செங்கல்லைப் பார்த்துப் பயந்து சொன்னதாத்தான் இருக்கும். போடு."

போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "சுவர்ல ஒரு கதவாவது விடுங்க. வியாழக்கிழமை நாடகத்துக்கு எப்படி வருவேன்?"

பதில் ருக்ஷந்தாவிடமிருந்து வந்தது. "அதான் சொந்த வீடு வந்தாச்சே. சொந்தமா ஒரு டிவி வாங்கிக்க வேண்டியதுதான?"

தெஹ்மீனா அண்ணனைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.