விடுபட்ட சால்

குயின் மறுபடியும் நின்றுவிட்டது. ஹோசியா எவ்வளவு அதட்டியும், சவுக்கால் அடித்தும் அந்தக் கோவேறு கழுதை பருத்திச் செடிமேல் காலை வைக்க மறுத்தது. முன்னங்காலைத் தூக்கி, இலைகளுக்கு மேலே ஒரு நொடி வைத்திருந்து, பழைய இடத்திலேயே ஊன்றிக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துக் கொல்லை சிம்ஸ் சிரித்தான். “என்னப்பா, குயினம்மாவுக்கு ஜனாதிபதி உத்தரவு இன்னும் வந்து சேரலையா?”

“நீ வந்து படிச்சுக் காட்டேன்.”

“பதினாலு வருஷமா செடிய மிதிச்சா சவுக்குன்னு வளத்துட்டு, இன்னிக்கு மிதின்னா அது என்ன செய்யும்? என் வீட்டுலயும் இதே கதைதான். கழுதைக்கு இருக்கற புத்தி வாஷிங்டன்ல ஒருத்தனுக்கும் இல்ல, போ.”

அமெரிக்காவின் ஜார்ஜியா முழுக்க அந்த 1933 ஆகஸ்டில் இதே கூத்துதான். பருத்தி வாங்க ஆளில்லை; அதனால் விலை ஏற, நிற்கிற பருத்தியில் மூன்று சாலுக்கு ஒரு சால் வீதம் உழுது மண்ணில் புதைக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. நிலத்துக்காரர் கேப்டன் ஹார்ப் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சாயங்காலம் அதிகாரி பார்க்க வருவார். உழவில்லையென்றால் ஹோசியாவின் குடிசையில் வேறு குத்தகைக்காரன் இருப்பான்.

ஹோசியாவுக்கும் கால் எழவில்லைதான். காரணம் வேறு. விதைக்கும்போது ஒரு சால் விட்டுப்போனால் அறுவடைக்குள் அந்த வீட்டில் ஒரு சாவு விழும். அந்தப் பக்கத்தில் இதை நம்பாத உழவன் கிடையாது. இப்போது மூன்றுக்கு ஒன்று காலியானால் எத்தனை சாவு? மனைவி வெர்டிக்கு ஏழாவது மாதம்.

அவள் ஏப்ரன் பையில் தட்டப்பயறோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். உழுத சால்களில் உடனே பயறு போட்டுவிட்டால் எதுவும் காலி ஆகாது என்பது அவள் கணக்கு. மகள் போனபிறகு அவள் கொல்லைக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஒன்பது வயது ஐடெல்லா மே மாதக் கடைசியில் காய்ச்சலில் போனாள். அவள் இடுப்பளவு வளரவேண்டிய செடிகள், அவள் இல்லாமலேயே வளர்ந்து நின்றன.

வெர்டி ஊற்றுக் குளத்தில் துண்டு துவைப்பவள். போலியோவில் கால் விழுந்தவர்கள் வந்து வெந்நீர் ஊற்றில் மிதக்கும் இடம் அது. அதே நோய் கண்ட ஜனாதிபதியும் அங்கேதான் வருவார். இவர்களைப் போன்ற கறுப்பர்களுக்கு அந்தத் தண்ணீரில் இறங்க இடமில்லை. காய்ச்சல் முற்றிய நாளில் வெர்டி ஒரு பாட்டில் தண்ணீரை ஒளித்துக் கொண்டுவந்து மகளைக் குடிக்கவைத்தாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. திருட்டுத் தண்ணீர்தான் கொன்றது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஹோசியா ஒருமுறைகூட மறுத்ததில்லை.

“அத ஏன் அடிக்கறே?” என்று வெர்டி கடிவாளத்தை வாங்கினாள். “அது போற வழிக்கு விட்டுப் பாரு.”

“வேணாம் வெர்டி. அத விடாதே.”

அவள் விட்டுவிட்டாள்.

குயின் தலையை உதறி, நுகக்கயிற்றோடு செடிகளின் ஓரமாகவே நடந்து, கொல்லையின் நடுவில் திரும்பியது. அங்கே யாரும் தடுக்காததுபோல் நிம்மதியாக நேரே நடந்தது. இருபுறமும் செடிகள் சாய்ந்து மூடியிருந்த அந்தச் சாலில் ஒரு பருத்திகூட இல்லை. களைதான். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை.

வெர்டி பின்னாலேயே போய் நின்றாள். இலைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தாள்.

“இது எப்போ?”

“ஏப்ரல்ல.” ஹோசியா களையைப் பார்த்துச் சொன்னான். “ரோட்டுல கறுப்புக் கார் ஒண்ணு போச்சு. அவருதான்னு எல்லாரும் ஓடினாங்க. நானும் தொப்பியக் கழட்டிட்டு நின்னேன். திரும்பி வந்தப்போ சால் மாறி, அடுத்ததுல விதைச்சுட்டேன்.”

“அவரையாவது பாத்தியா?”

“புழுதியத்தான் பாத்தேன்.”

“எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

“முளைச்ச அன்னிக்கே. நாளைக்குப் போடலாம், மறுநாள் போடலாம்னு…”

“அப்போ அவளக் கொன்னது தண்ணியில்ல.”

“இல்ல.”

“நான் தினமும் எழுந்து உக்காந்து அழுதேனே. பக்கத்துலதானே படுத்திருந்தே?”

“தூங்கல, வெர்டி. ஒரு நாளும் தூங்கல.”

“அது எனக்கு எதுக்கு?”

அவள் செருப்பைக் கழற்றினாள். குதிகாலால் ஒரு குழி, மூன்று பயறு, கால்விரலால் மண். மீண்டும் குதிகால். வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி காலிச் சால் முழுக்கப் போனாள். பாதி தூரத்தில் ஹோசியா கை நீட்டினான்.

“எனக்கும் கொஞ்சம் குடு. நான் போடறேன்.”

அவள் கொடுக்கவில்லை. முனைக்குப் போனபோது பை காலியாகியிருந்தது. அவள் அதை உள்ளும் வெளியுமாகத் திருப்பி உதறினாள்.

“மத்த சாலுக்கு?” என்று கேட்டான்.

“மத்ததுக்கு உன் ஜனாதிபதி வந்து விதைக்கட்டும்.”

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வெர்டி உழவேண்டிய முதல் பருத்திச் சாலின் தலைப்பில் ஏறி நின்றாள். காய் பிடித்த செடியைத் தானே மிதித்தாள், அடுத்ததையும் மிதித்தாள். “குயின், வா” என்றாள். சவுக்குக்கு அசையாத கழுதை, அவள் கால் பட்ட இடத்தில் கால் வைத்து நடந்தது. ஹோசியா கலப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் காய்கள் முறியும் சத்தம், சின்னப் பிள்ளை ஒன்று மூச்சிரைக்க ஓடி வருவதுபோல, சாலின் முடிவுவரை அவனைத் தொடர்ந்து வந்தது.