என் புருஷனின் மணிக்கட்டு

மழை வெளிச்சம். ஜன்னல் கம்பி தாண்டி வந்து கட்டில்மேல் விழுந்த சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என் புருஷனின் மணிக்கட்டு. அதன்மேல் அவள் விரல்கள்.

நகம் வெட்டிய, சுத்தமான, சின்ன விரல்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மற்ற நர்ஸ்கள் வருவார்கள், காய்ச்சல் பார்ப்பார்கள், போவார்கள். இந்த ஜெசிந்தா மட்டும் கையைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு முழு நிமிஷம். பிடித்த கையை விடவே மாட்டாள்.

நாடித்துடிப்பா பார்க்கிறாள்? அதைத்தான் அவர் விரலில் மாட்டிய கிளிப் சிவப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதே! பிறகு எதற்குக் கை?

அவர் ஆறுமுகநயினார். திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர். ஐப்பசி மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நிமோனியா என்றார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குழாயோடும் அழகாகத்தான் இருந்தார், பாவி மனுஷன்.

இன்னொன்றும் உண்டு. அவள் வரும்போதெல்லாம் என்னை வெளியே அனுப்புவாள்.

“யக்கா, சுடுதண்ணி வாங்கிட்டு வந்திருதியளா?”

பிளாஸ்க் நிறைய இருக்கும். ஆட்டிக் காட்டினால், “ஆறிருக்கும்க்கா” என்பாள். காலையில் சுடுதண்ணி. மதியம் சுடுதண்ணி. சாயங்காலம் சுடுதண்ணி. ஒரு தெருவையே குளிப்பாட்டியிருக்கலாம்.

அவர் மூச்சு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதன் பக்கத்தில்தான் தூங்குகிறேன். சண்டை போட்ட அன்றைக்குத் தூங்குவதுபோல் நடிக்கிற மூச்சு எது, நிஜமாகத் தூங்குகிற மூச்சு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நேற்று வந்த இவள் எனக்கு மேலா?

என் முன்னால் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. வாய் மூடி, மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நல்லா இருக்கேன் பிரமு, வீட்டுக்குப் போவோம்” என்பார். நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் நான் தண்ணீருக்குப் போகவில்லை.

வராந்தா திரும்பும்வரை செருப்புச் சத்தம் கேட்கட்டும் என்று தேய்த்துத் தேய்த்து நடந்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்ததும் அவளை என்னென்ன கேட்க வேண்டுமோ, அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கண் கையில் இல்லை. அவர் முகத்திலும் இல்லை. அவர் நெஞ்சில் இருந்தது.

நானும் நெஞ்சைப் பார்த்தேன்.

அது யார் மூச்சு? எனக்குத் தெரிந்த மூச்சு இல்லை. வாய் திறந்திருந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது.

வேகம். ஐயோ, அப்படி ஒரு வேகம். ஓடி வந்த நாய்தான் அப்படி இளைக்கும். இவர் ஓடவில்லை. படுத்திருந்தார்.

என் கையிலிருந்து செருப்பு விழுந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. தோள் இறங்கியது. மூச்சு மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் வந்தது. சிரிக்க வேறு செய்தார்.

ஜெசிந்தா வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

“யக்கா, கோவப்படாதிய. மூச்சை எண்ணுதோம்னு தெரிஞ்சா யாருக்கும் மூச்சு மாறிரும். அதான் நாடி பாக்க மாதிரி கையைப் பிடிச்சிக்கிட்டு நெஞ்சைப் பாப்போம்.”

“அதுக்கு என்னைய எதுக்குட்டி வெளிய வெரட்டுத?”

“நீங்க இருந்தா அடக்கிக்கிடுதாருக்கா. நீங்க அங்கிட்டுப் போனதும் விட்டுருதாரு. நேத்தைவிட இன்னைக்கு மோசம். டாக்டர்ட்டயும் சொல்லியாச்சு. அவரு வாரப்ப நீங்க பக்கத்துலயே நிக்கிய, இவரு ஒழுங்கா மூச்சு விட்டுக் காட்டிருதாரு.”

அப்போதுதான் எனக்கு நிஜமாக எரிந்தது. இதுவரை எரிந்தது ஒன்றுமே இல்லை.

கை போகட்டும். கை என்ன கை! எனக்கு வேஷம், அவளுக்கு நிஜமா? இளைப்பு அவளுக்கு. திணறல் அவளுக்கு. பயந்த முகம் அவளுக்கு. கட்டிக்கொண்டவளுக்கு ஒரு வெறும் சிரிப்பு.

மழை விடாமல் பெய்தது. நான் அழவில்லை. கோபத்தில் இருந்தால் எனக்கு அழுகை வராது.

டாக்டர் வந்தார். கிளிப்பைப் பார்த்தார். எண் பரவாயில்லை என்றார். நயினார் வாயை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்கிறவர்போல் அடக்கமாக மூச்சு விட்டார்.

“வீட்டுக்கு விட்டுருங்க சார்.”

“நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிரலாம்” என்றார் டாக்டர். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

நாளை வீடு. அங்கே ஜெசிந்தா இல்லை. அந்த விரல்கள் இல்லை. அவர் எனக்கு மட்டும். ஒரு நொடி அந்த ஆசை வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன்.

“இவுக நடிக்காவ சார்” என்றேன். “நான் வெளிய போறேன். அதுக்கப்புறம் பாருங்க.”

“ஏட்டி, பிரமு!” கோபமாகத்தான் ஆரம்பித்தார். மேலே பேச மூச்சு வரவில்லை.

நானே என் காலால் நடந்து, அவரை அவளிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். கதவையும் நானே சாத்தினேன்.

கதவில் காதை வைத்தேன். பிறகு டாக்டர் குரல் கேட்டது. “உங்க பஸ் நிக்கிற ஊரெல்லாம் வரிசையா சொல்லுங்க, பாப்போம்.”

படிக்கட்டில் நின்றபடி அத்தனை ஊரையும் ஒரே மூச்சில் கொட்டுகிறவர் அவர். கல்யாணத்துக்கு முன்பு வேலை இல்லாமலே நான் அந்தப் பஸ்ஸில் போனது அதைக் கேட்கத்தான்.

“கிருஷ்ணாபுரம்.” ஒரு மூச்சு. “செய்துங்க.” ஒரு மூச்சு. “நல்லூர்.” மூச்சு. மூச்சு. “கருங்.”

கருங்குளத்தின் குளம் வரவில்லை. அதற்கப்பால் எந்த ஊரும் வரவில்லை.

அப்புறம் எல்லாரும் ஓடினார்கள். கட்டில் உருண்டது. மேல்மாடியில் ஐசியூ. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். வீட்டுக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். என் காலடி கேட்டதும் அவர் தோளை அடக்கப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளும் அதே சிரிப்பு. எனக்கு வந்ததே ஆத்திரம்! காதுப்பக்கம் குனிந்தேன்.

“நிப்பாட்டுங்க. அவ முன்னால இளைச்சிய இல்லா? என் முன்னாலயும் இளைங்க. அவளுக்குக் காட்டினது எனக்கும் வேணும்.”

என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. பிறகு விட்டார்.

தோள் ஏறியது. கழுத்தில் குழி விழுந்தது. மாஸ்க் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி வெண்மையாகப் படிந்தது. பயமாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை. அந்த மூச்சு முழுவதும் எனக்கு முன்னால் நடந்தது.

மறுநாள் காலையும் மழை. அன்றைக்கு மேல்மாடியிலும் அவளுக்கே டியூட்டி. என் தலையெழுத்து. வந்தாள். மணிக்கட்டைத் தேடினாள். அது என் கையில் இருந்தது.

“கை என்ட்ட இருக்கட்டும்” என்றேன். “நீ நெஞ்சைப் பாரு.”

சிரித்தாள். கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எண்ணினாள். அவள் எண்ணி முடிக்கும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துக் குழி நேற்றுப்போல் ஆழமாக விழவில்லை. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது.

“கொறஞ்சிருக்குக்கா” என்றாள்.

“நீ வாரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்ட்டி” என்றேன்.