லிப்ட் குழியில் வால்கள்

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகப் பிறந்தது. நான் கட்டட வேலை செய்கிறவன். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டியவன். மாலை வகுப்பு டீச்சர், "நீங்க கண்ணால பார்த்த ஒண்ணைக் கதையா எழுதிட்டு வாங்க" என்றார். நான் கண்ணால் பார்த்ததெல்லாம் செங்கல், ஜல்லி, மேஸ்திரியின் முறைப்பு. கதைக்கு எங்கே போவது? நல்ல வேளையாக, நாங்கள் கட்டும் வீட்டின் லிப்ட் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் தலைப்பிரட்டைகள் வந்தன.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "பொன்னிறக் கதிரவன் தன் கதிர்களை"

அடித்துவிட்டேன். கதிரவனை நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "என்னா வெயிலு" என்பதோடு சரி.

இரண்டாவது: "ஒரு ஊரில் ஒரு தவளை"

தவளை இன்னும் வரவில்லை. சிக்கலே அதுதான்.

2

முதலில் குழியைச் சொல்லிவிடுகிறேன். லிப்ட் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுச் சொந்தக்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் நான்கு தூண்களுக்கு நடுவே வெறும் மண்குழியாக விட்டுவைத்திருந்தோம். கடைசியில் லிப்ட் வேண்டும் என்ற அவர் மனைவி ஜெயித்தார். மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை குழியில் கொட்டக் கான்கிரீட் லாரி வரும் என்று மேஸ்திரி அறிவித்தார். மேஸ்திரி வேறு யாருமில்லை, என் மச்சான். என் மனைவியின் அண்ணன்.

எங்களோடு வேலை செய்யும் என் மனைவி அப்போது குழி ஓரத்தில் குந்தியிருந்தாள்.

"அண்ணே, இதுங்களுக்கு இன்னும் காலே வரல."

"லாரிக்குச் சக்கரம் வந்துருச்சு தங்கச்சி."

வாளியில் அள்ளி வேறெங்காவது விடலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கட்டடம் நடக்கிற இடத்தில் சிமெண்ட் படாத வாளி இருந்தால் சொல்லுங்கள். அள்ளிப் பார்த்த நாலைந்தும் மல்லாந்துவிட்டன. பக்கத்தில் குளமா? அதன் மேல்தான் இந்தத் தெருவே நிற்கிறது.

3

(இங்கே அறிவியல் வரும். பயப்படாதீர்கள், நானே தாண்டி வந்துவிட்டேன்.)

என் மனைவி வகுப்புக்கு வருவது படிக்க அல்ல, மின்விசிறிக்காக. அன்று மட்டும் கை தூக்கினாள்.

"டீச்சர், தலைப்பிரட்டையை அவசரப்படுத்த முடியுமா?"

டீச்சர் பகலில் பள்ளியில் உயிரியல் எடுப்பவர். அவர் முகத்தில் யாரோ ஸ்விட்சைப் போட்டதுபோல் இருந்தது.

"சில தவளை வகைல முடியும்மா. குட்டை வத்த ஆரம்பிச்சா குட்டிங்க உடம்புல ஒரு ஹார்மோன் ஏறும். பயந்தா நமக்கு ஏறுமே, அந்த மாதிரி. அது போய்த் தைராய்டு ஹார்மோனைத் தட்டி எழுப்பும். கால் சீக்கிரம் வரும், வால் சுருங்கும். மரபணு மாறுறதில்ல. நிதானமா வளரவும் அதுல வழி இருக்கு, அவசரமா வளரவும் வழி இருக்கு. எந்த வழில போறதுன்னு தண்ணிதான் சொல்லும்."

"அப்ப தண்ணியை இறைச்சா போதும்?"

"கொஞ்சம் கொஞ்சமா இறைக்கணும். ஆனா ஒண்ணு, அவசரத்துல வளர்ந்தது உருவத்துல சின்னதாத்தான் இருக்கும்."

என் மனைவி திரும்பி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். அப்படியொன்றும் ரொம்ப தூரம் இல்லை.

"இவருக்கு ஒம்பது வயசுலயே தண்ணி வத்திருச்சு டீச்சர். அன்னைக்குச் செங்கல் தூக்க வந்த மனுஷன்."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.*

* இந்த இடத்தில் என் அப்பா படுத்த படுக்கையானதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் கதைக்குள் வந்து ஒரு இருமல் இருமினால் போதும், அப்புறம் தவளையை யார் பார்ப்பார்கள்?

4

மறுநாள் காலையிலிருந்து நானும் அவளும் இறைத்தோம். அடுத்த நாள் வந்து பார்த்தால் குழி பழையபடி நிறைந்திருந்தது. திரும்ப இறைத்தோம். திரும்ப நிறைந்தது. ஊற்றுக்கண் இருக்கிறது என்றேன் நான். பேய் என்றார் கம்பி கட்டுகிறவர். தலைப்பிரட்டைகள் உல்லாசமாக வாலாட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்ன அவசரம்?

மச்சான்தான் கண்டுபிடித்தார். புதுத் தூணுக்குத் தினமும் சாயங்காலம் தண்ணீர் அடிக்க வேண்டும். காயவிட்டால் விரிசல் விடும். ஹோஸ் பிடித்து அடிப்பது யார் வேலை? என் மனைவியின் வேலை. நான்கு தூணிலும் வழிகிற தண்ணீர் எங்கே போகும்?

"காலையில இறைக்கிறதும் நீ, சாயங்காலம் ரொப்புறதும் நீ! உனக்கு ரெண்டு ஆள் கூலி தரணும் தங்கச்சி!" மச்சான் சிரித்துச் சிரித்து மணல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப இனிமே தண்ணி அடிக்க மாட்டேன்."

"தூண் வெடிச்சா?"

"எத்தனை வீடு கட்டியிருக்கோம்ணே? ஒண்ணுலயாவது ஆளுங்க குடி வந்ததைப் பார்த்திருக்கோமா? பூச்சு காயறதுக்குள்ள அடுத்த வேலைக்கு வேன்ல ஏத்திடுற. இதுங்க வளர்றதையாவது நான் முழுசாப் பார்க்கணும்."

மச்சானின் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஒரு கட்டு சணல் சாக்கைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டார்.

"தூணைச் சுத்திக் கட்டு. நனைச்சு விட்டாப் போதும். வழியாது."

(மச்சானை வில்லனாக வைப்பதாகத்தான் திட்டம். மனிதர் கதையைக் கெடுத்துவிட்டார்.)

5

தண்ணீர் இறங்கியது. இறங்க இறங்கப் பின்னங்கால்கள் வந்தன. பெரிய பெரிய ஆம்பிளைகள் டீ கிளாசும் கையுமாகக் குழியைச் சுற்றிக் குந்தி, "அந்தா அதுக்கு வந்துருச்சு, இந்தா இதுக்கு" என்று கத்தினார்கள். பிரசவ ஆஸ்பத்திரி வாசல்கூட அத்தனை அமர்க்களப்படாது. முன்னங்கால்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் மச்சானே ஒரு சாரப் பலகையைச் சரிவாக இறக்கிவைத்தார், ஏறி வர.

நாளை திங்கட்கிழமை. இதுவரை எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"முடிவு எங்க?"

முடிவு அ: எல்லாக் குஞ்சுத் தவளைகளும் ஒரே நேரத்தில் வெளியே குதித்தன.

"அத்தனையுமா? பள்ளிக்கூடம் விட்ட மாதிரியா? போய்யா."

முடிவு ஆ: வழியில் லாரியின் டயர் வெடித்தது.

"அந்த டிரைவர் உனக்கு என்ன பாவம் பண்ணாரு?"

முடிவு இ: கான்கிரீட்

இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

6

திங்கட்கிழமை. லாரி வாசலில் நிற்கிறது. டிரம் சுற்றுகிறது. கலவை இறுகிவிடும் என்று டிரைவர் ஹார்னை அழுத்துகிறார்.

நான்கு காலும் வந்தவை விடியும்போதே பலகையில் ஏறி, செங்கல் அடுக்குக்குப் பின்னால் இருக்கும் புல்லுக்குப் போய்விட்டன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான். அவசரத்தில் வளர்ந்தவை, என் சாதி. கடைசி ஒன்று மட்டும் பாதிப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இன்னும் வால். ஏன் நின்றுவிட்டது என்று தெரியவில்லை. புது ஊருக்கு வந்தவனுக்கு மூச்சு வாங்க ஒரு நிமிடம் வேண்டாமா?

"ஏறு செல்லம், ஏறு" என்கிறாள் என் மனைவி. தொடமாட்டாளாம். அவள் கையில் சிமெண்ட்.

"மாப்ளே, கையைக் காட்டு!" என்கிறார் மச்சான்.

லாரியைப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டுவது என் வேலை. நான் காட்டாமல் அது ஓரடி நகராது. அந்தக் கையில் இப்போது பேனா இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிற கை எப்படிக் காட்டும்? இத்தனை தாமதமாக எழுதக் கற்றது எதற்கென்று இன்றுதான் எனக்கு விளங்குகிறது.

ஆனால் தாள் தீரப்போகிறது. மிச்சத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கதை முடிந்தது என்று மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். டிரைவர் கியரைப் போட்டுவிடுவார். என் மனைவி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களும் பாருங்கள். அதோ, முன்னங்காலை எடுத்து