வரைபடத்தில் விட்டுப்போன தெரு

“டமார்!”

தட்டு மேசையில் இறங்கிய வேகத்தில், பக்கத்து மேசைக்காரர் குடித்துக்கொண்டிருந்த சூப் அவர் மூக்கில் ஏறிவிட்டது. கல்லாவில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“இது மீனா? நீங்களே சொல்லுங்க, இது மீனா?” என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள் அவள். “எங்க ஃபேக்டரியில ஷூவுக்கு அடியில ஒட்டுற தோல்கூட இதைவிட மெத்துனு இருக்கும்.”

“கத்தாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். பாத்துட்டு எழுந்து ஓடட்டும். அவங்களாவது பொழைச்சுப் போகட்டும்.”

கணவர் குனிந்து தன் தட்டில் இருந்த மீனை விரலால் நகர்த்திப் பார்த்தார். அது நகரவில்லை.

குடிவந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளாக இதே கதைதான். முதல் நாள் போன கடையில் ரொட்டி பழசு. இரண்டாவது நாள், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு கடை. சோற்றில் மண்ணெண்ணெய் வாடை. இன்றைக்கு இந்தச் செருப்பு மீன்.

வீடு மாறுவது அவர்களுக்குப் புதிதல்ல. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் இது ஆறாவது வீடு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வாரம் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். தினமும் சாயங்காலம் ஒரு கடை. சாப்பிட்டுவிட்டு வந்ததும் சாமான் கட்டிவந்த அட்டைப்பெட்டியின் மூடியில் அவள் மார்க் போடுவாள். வாரக் கடைசியில் அதிக மார்க் வாங்கிய கடைதான் அந்த வீட்டில் இருக்கும்வரை அவர்களுக்கு ஆபத்பாந்தவன். உடம்பு முடியாத நாளில், சண்டை போட்ட நாளில், விருந்தாளி திடுதிப்பென்று வந்து நிற்கும் நாளில் அங்கேதான் ஓடுவார்கள்.

மார்க் போடுவதில் அவள் மகா கறார். ஷூ ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. நாளொன்றுக்கு நானூறு ஜோடி அவள் கண்ணுக்குக் கீழே போகும். ஒரு தையல் கோணினால் போதும், தூக்கித் தனியே எறிந்துவிடுவாள். பத்துக்கு ஏழுக்கு மேல் எந்தக் கடைக்கும் அவள் போட்டதில்லை.

கணவருக்குத் தண்ணீர் வாரியத்தில் வரைபடம் வரைகிற வேலை. எந்தத் தெருவில் எத்தனை குழாய், எங்கே வால்வு என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். குடிவந்த அன்றே இந்தப் பேட்டையின் சாப்பாட்டுக் கடைகளை ஒரு பெரிய தாளில் அழகாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார். கடைகளுக்குச் சிவப்புப் புள்ளி, போகும் வழிக்கு நீலக் கோடு.

“இவ்வளவு வரைஞ்சு என்ன பிரயோஜனம்?” என்றாள், திரும்பி நடந்துவரும்போது. “ஊர்ல இருக்குற மோசமான கடையா பொறுக்கியெடுத்துப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு. உங்க ஆபீஸ் கேண்டீன்காரர் கால் தூசி பெறுமா இதெல்லாம்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தப் பச்சை மூடி டப்பாவுல கொண்டு வர்றீங்களே, அது சாப்பாடு!”

அவர் நடையை எட்டிப் போட்டார்.

“இந்த வாரம் கேண்டீன் லீவு.”

“அதுவும் என் நேரம்தான். சரி, அந்தப் பக்கம் ஒரு தெரு போகுதே, வெளிச்சமா இருக்கே, நாளைக்கு அங்க போய்ப் பாப்போமா?”

“வேண்டாம்மா. அந்தத் தெருவுல நாய்த் தொல்லை.”

உண்மையில் இந்த வீட்டைப் பார்த்து முடித்தவள் அவள்தான். கணவருக்குப் பழைய வீட்டிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கிருந்து பத்து நிமிஷ நடை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பிடித்து, அவர் பிறந்தநாளன்று சாவியைக் கையில் வைத்தாள். சாவியைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாயடைத்துப் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நான்காவது நாள், பாத்திரப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கப்போய் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. பாயில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்துத் திட்டினாள். பெட்டியைத் திட்டினாள், பெட்டியில் இருந்த பாத்திரங்களைத் திட்டினாள், அவற்றை வாங்கிக் கொடுத்த உறவினர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள்.

“நான் போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்,” என்றார் கணவர்.

“எனக்கு வேண்டாம். பட்டினி கிடந்து சாகுறேன். செருப்பு தின்னு சாகுறதுக்கு அது மேல்.”

அவர் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எதையோ தேடினார்.

“என்ன தேடுறீங்க?”

“அந்தப் பச்சை மூடி டப்பா.”

“இன்னைக்குப் புதன்கிழமை. அது எதுக்கு இப்ப?”

“ஒண்ணுமில்ல, சும்மா,” என்றவர் டப்பா கிடைக்காமலே வெளியே போனார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் நூல் சுற்றிய காகிதப் பொட்டலம். பிரித்தபோது ஆவி பறந்தது. சோறு, மிளகு தூக்கலாகப் போட்ட கோழி, கடைந்த கீரை. வேண்டாம் என்றவள் ஒரு வாய் வைத்தாள். பிறகு பேசவே இல்லை. இடுப்பு வலியை மறந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, காகிதத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கீரையை வழித்து நாக்கில் வைத்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

“எந்தக் கடை?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டி.”

“வண்டிக்காரனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அந்த அட்டையை எடுங்க.”

ஒன்பது போட்டாள். ஒன்பது! தனக்கே மார்க் வந்த மாதிரி கணவருக்கு முகம் மலர்ந்தது. காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போட எழுந்தார்.

“நூலைப் போட்டுறாதீங்க. கொடி கட்ட ஆகும்,” என்று கையை நீட்டினாள்.

வாங்கியவள் விரலில் சுற்றப்போனாள். நின்றாள். அவர் அவசரத்தில் நூலை அவிழ்க்காமல் ஓரமாக உருவி எடுத்திருந்தார். முடிச்சு அப்படியே இருந்தது.

இரண்டு சுற்று. அதன்மேல் ஒரு சுருக்கு. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் சுருக்கு. எல்லோரும் போட்டால் நுனி வலது பக்கம் நிற்கும். இதில் இடது பக்கம் நின்றது.

நாளுக்கு நானூறு ஜோடி தையல் பார்க்கிற கண் அது. ஏமாறுமா?

அவளுடைய அம்மா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பொட்டலம் கட்டுவார்கள். அண்ணனுக்கு இடதுகைப் பழக்கம். “நீ கட்டுனது கோணல்,” என்று அவள் சீண்டுவாள். “நீதான் தலைகீழாக் கட்டுற,” என்பான் அவன். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத அந்த அண்ணன், பிறகு வெளியூர் போய் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல் கற்றுத் தலைமைச் சமையல்காரன் ஆனான்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது ஏழு மாதம் அவள் ஒருத்திதான் பார்த்தாள். துடைத்தாள், புரட்டினாள், ஊட்டினாள். “அவன் பிரமாதமா சமைக்கிறானாமே. ஒரு வாய் ஆக்கிட்டு வந்து குடுக்கச் சொல்லேன்,” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். லீவு இல்லை, அடுத்த வாரம், சீசன் முடியட்டும் என்று சாக்குச் சொன்னான். எல்லாம் முடிந்த மறுநாள் வந்து நின்றான், கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு.

அன்றைக்கு வாசலில் வைத்து அவள் சொன்ன வார்த்தை இன்னும் அவள் காதிலேயே ஒலிக்கிறது: “நீ ஆக்குன ஒரு பருக்கை என் வாயில போச்சுன்னா, நான் அம்மா வயித்துல பொறந்தவ இல்ல.”

ஏழு வருஷம். ஏழு வருஷமாக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். கணவரின் வரைபடம். டீக்கடை, ரொட்டிக் கடை, பெட்ரோல் பங்கு, அதன் பின்னால் மண்ணெண்ணெய்ச் சோறு. எல்லாவற்றுக்கும் புள்ளி. நாய்த் தொல்லை என்றாரே, அந்தத் தெருவுக்கு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. தெருவே இல்லை! அந்த இடத்தில் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

“ஒரு சாக்கடை மூடியைக்கூட விடாத மனுஷன்,” என்றாள். குரல் அடங்கியிருந்தது. கணவருக்கு அந்த அடக்கம்தான் பயமாக இருந்தது. “ஒரு தெருவையே விட்டுட்டீங்களே. ஏங்க?”

“அது வந்து... தாள் பத்தல...”

“எங்க அண்ணன் அங்கதான் கடை போட்டிருக்கானா?”

அவர் வரைபடத்தின் ஓரத்தைத் தடவி ஒட்டினார்.

“கேக்குறேன்ல?”

“ஆமாம்மா.”

இடுப்புப் பிடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, எழுந்தாள். ஒரு கையில் காகிதச் சுருள், ஒரு கையில் நூல். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கினாள். “நில்லு, நான் சொல்றதக் கேளு,” என்று கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பின்னால் ஓடினார்.

அந்தத் தெருவில் ஒரு நாய் இருந்தது. கிழட்டு நாய். படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் ஆட்டியது.

“இதுதான் தொல்லையா?” என்று திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் நாயைப் பார்த்தார்.

கடை பெரிதல்ல. ஆறு மேசை, ஆறிலும் ஆள். உள்ளே அடுப்பின் முன் நின்றவன் இடது கையால் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நரை விழுந்திருந்தது. முதுகைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

காகிதச் சுருளை வீசினாள். அது அவன் தோளில் பட்டுப் பரிமாறும் பலகையில் விழுந்தது.

திரும்பினான். கரண்டி அப்படியே நின்றது.

“பாப்பா...”

“அப்படிக் கூப்பிடாத. அம்மா ஒரு வாய்க்கு ஏழு மாசம் காத்துக் கிடந்தா. அவளுக்கு ஆக்கிப்போட உனக்கு நேரமில்ல. இங்க ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறியா? நல்லா இருக்கா வியாபாரம்?”

ஆறு மேசையிலும் சாப்பிட்ட கைகள் நின்றன. முதல் மேசைப் பெரியவர் மட்டும், “தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நின்னு திட்டும்மா. எனக்குக் கீரை வரணும்,” என்றார்.

“உங்களுக்கு வரும் பெரியவரே! உங்களுக்கெல்லாம் வரும்! பெத்தவளுக்குத்தான் வரல!”

பெரியவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அண்ணன் அடுப்பை அணைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். “வரலதான்,” என்றான். “தப்புதான். அதுக்கு நான் சாக்குச் சொல்லல.”

“சாக்குச் சொன்னா கரண்டியைப் பிடுங்கி அடிச்சிருப்பேன்!” குரல் உடையப் பார்த்தது. அதை விடாமல் இழுத்துப் பிடித்து இன்னும் சத்தமாகக் கத்தினாள். “சரி, வரல. அதோட ஒழிஞ்சு போக வேண்டியதுதானே? திருட்டுத்தனமா எனக்கு ஊட்டி விடணும்னு என்ன வேண்டுதல்? அம்மா பேரைச் சொல்லி நான் விட்ட வார்த்தை அது. அதை எச்சில் பண்ணிட்டியேடா! இந்த மனுஷன்...” என்று பின்னால் கையைக் காட்டினாள், “பக்கத்துல படுத்துத் தூங்குற மனுஷன், தள்ளுவண்டிச் சோறுன்னு சொல்லி ஏமாத்திட்டாரு. நான் அதுக்கு ஒன்பது மார்க் வேற போட்டேன்!”

அண்ணனின் முகத்தில் ஒரு கணம் ஏதோ பளிச்சிட்டது. “ஒன்பதா?” என்று கேட்க வந்து, அவள் கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

“ரொம்பக் குளிர்ந்து போகாத. அந்த மார்க்கை அடிச்சுட்டுப் பூஜ்யம் போடப் போறேன். நாளைக்கே வேற வீடு பாக்குறேன். இந்தப் பேட்டையிலேயே இருக்கப் போறதில்ல.” ஒற்றை விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நூல் அந்த விரலில் இன்னும் சுற்றியிருந்தது. “ஒரு வேளை. தெரியாம ஒரே ஒரு வேளை தின்னுட்டேன். அம்மா மன்னிப்பா. ஏழு வருஷத்துல அந்த ஒரு வேளையோட உன் கணக்குத் தீந்துது.”

அவளுக்குப் பின்னால் கணவர் இரண்டு கைகளையும் விரித்து, தலையை ஆட்டி, உதட்டில் விரல் வைத்து என்னென்னவோ ஜாடை காட்டினார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. தங்கையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் மெதுவாகக் கண்ணை உயர்த்தி, அவள் தோளுக்கு மேலாகக் கேட்டான்:

“ஒரு வேளையா? மாப்ளே, வெள்ளிக்கிழமை டப்பாவைப் பத்தி நீங்க இன்னும் அவகிட்ட சொல்லவே இல்லையா?”